வாசலில் செருகிய வேப்பிலை

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டினால் வருவது சந்தவாசல். அங்கிருந்து ஜவ்வாது மலையை நோக்கிப் பிரியும் சாலை படவேட்டுக்குப் போகிறது. சம்புவராயர்கள் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஊர் அது; இன்றைக்கு ரேணுகாம்பாள் கோவில் என்று சொன்னால்தான் பலருக்கும் அடையாளம் தெரியும். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை, மகன் பரசுராமன் கையால் தலை இழந்து மறுபடி உயிர் பெற்றவள். கருவறையில் அவளுடைய சிரசுக்குத்தான் வழிபாடு. அந்தக் கதைக்குத் தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் ஒரு பிற்பகுதி உண்டு. கணவனின் சிதையில் அவள் இறங்கியபோது மழை பெய்து தீ அணைந்ததாம். உடம்பெல்லாம் கொப்புளத்தோடு எழுந்தவள் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு, ஊராரிடம் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் வாங்கிப் பசியாறினாளாம். அந்தக் கொப்புளமே மக்களுக்கு அம்மையாயிற்று, வேப்பிலையே அதற்கு மருந்தாயிற்று. ரேணுகையை மாரியம்மனாக்கும் கதை இது. இது எப்போது தோன்றியதென்று தேடுவதில் பெரிய பயனில்லை. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி எழுதிய நூலில் மாரியம்மன் அம்மை நோயின் தெய்வமாகவே வருகிறாள் என்பது ஒன்றே, வழக்கம் எவ்வளவு பழையது என்று காட்டப் போதும்.

அம்மை போட்ட வீட்டில் என்ன செய்வார்கள் என்பது இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறும். வெளியாள் உள்ளே வரமாட்டார். வீட்டில் இருப்பவரும் விருந்துக்கோ சாவுக்கோ போகமாட்டார். துணியை வெளுக்கப் போடமாட்டார்கள். தாளிப்பு, கறி, மீன் கிடையாது. படுத்திருப்பவருக்கு வேப்பிலைப் படுக்கை, இளநீர், மோர், கூழ். கொப்புளத்தைக் கொப்புளம் என்று சொல்லாமல் முத்து என்பார்கள். முத்து இறங்கியபின் நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். இத்தனை விதிகளையும் வைத்துக்கொண்டு நம்மிடையே இரண்டு கட்சிகள் நெடுங்காலமாக வாதாடி வருகின்றன. ஒரு கட்சிக்கு இது மூடநம்பிக்கை, அவ்வளவுதான். இன்னொரு கட்சிக்கு இது முன்னோர் கண்ட கிருமி அறிவியல். தனிமைப்படுத்தலை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர்கள் நாம். இரண்டுமே நோய் எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்குள் இறங்காமல் பேசுகின்றன என்பது என் எண்ணம். இறங்கிப் பார்த்தால் தெரிவது வேறு: இந்த வழக்கம் பெரியம்மை என்ற ஒரே ஒரு நோய்க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்த நோய் உலகத்தைவிட்டே போய்விட்டது. சட்டையை அளவு பொருந்தாத வேறு நோய்களுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெரியம்மை மெதுவாக நடக்கும் நோய். கிருமி உடம்புக்குள் புகுந்து காய்ச்சல் காண ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஆகும். அந்தப் பன்னிரண்டு நாளும் அவரால் யாருக்கும் கேடில்லை. பிறகு கடும் காய்ச்சலும் முதுகுவலியும் வந்து, ஆள் படுக்கையில் விழுவார். இரண்டு மூன்று நாள் கழித்து வாய்க்குள்ளும் முகத்திலும் முத்து எழும். பிறருக்குத் தொற்றுவது பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது; முதல் வாரத்தில் மிகுதி, பிறகு குறைவு, கடைசிப் பொருக்கு உதிர்ந்தால் முடிவு. வாயிலும் தொண்டையிலும் உள்ள புண்களிலிருந்து மூச்சோடும் எச்சிலோடும் வெளிவரும் கிருமி, அருகில் இருந்து முகம் பார்த்துப் பணிவிடை செய்பவரைத்தான் முதலில் பிடிக்கும். கொப்புள நீர் பட்ட துணியும் பரப்பும். அம்மை நோயாளிகளின் துணியை வெளுத்தவர்களுக்கு நோய் கண்டதை இங்கிலாந்தில் பலமுறை பதிவுசெய்திருக்கிறார்கள். ஆக, தொற்ற வைக்கும் நிலையில் இருப்பவர் எழுந்து நடமாட முடியாதவர். அவர் முகத்தைப் பார்த்தாலே நோய் தெரியும். பெரியம்மைக்கு இருந்த இந்தக் குணம் மிக அபூர்வமானது. அதை ஒழிக்க முடிந்ததற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கணக்கை வாசல் வேப்பிலையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேப்பிலை ஏறுவது முத்து தெரிந்த அன்று. பெரியம்மை வெளியே புறப்படுவதும் ஏறத்தாழ அதே நாள். அன்றைக்கே வெளியாள் நின்றுவிட்டால், துணி வெளுக்கப் போகாவிட்டால், வீட்டார் கூட்டத்துக்குப் போகாவிட்டால், நோய் தெருவுக்கு வரும் முக்கியமான வழிகள் அடைபட்டுவிடுகின்றன. ஒரு முறை முத்து கண்டு பிழைத்தவருக்கு மறுமுறை வராது என்பது தழும்பு முகங்களைப் பார்த்துப் பழகிய எந்த ஊருக்கும் தெரிந்ததுதான். பாட்டிமார் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடிந்ததும் அதனால்தான். இவ்வளவும் கிருமி என்ற ஒன்றைப் பற்றித் துளியும் தெரியாமல் வந்து சேர்ந்திருக்க முடியுமா? முடியும் என்றே தோன்றுகிறது. ஒருவர் படுத்து இரண்டு வாரம் கழித்து அதே வீட்டில் அடுத்தவர் படுக்கிறார், அந்த வீட்டுக்கு வந்துபோன ஒன்றுவிட்ட தங்கை தன் ஊரில் படுக்கிறாள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரிகிற நோய் இது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எதைச் செய்தால் கெடுதல் கூடுகிறது என்று கண்டுகொள்ள நுண்ணோக்கி வேண்டியதில்லை. கண்டுகொண்டதைத் தங்களுக்குத் தெரிந்த மொழியில், அம்மாவின் கோபம், சூடு, தீட்டு என்று சொல்லி வைத்தார்கள். தாளிப்புக்கும் கறிக்கும் போட்ட தடை சூடு என்ற எண்ணத்தின் பக்கம் விழுகிறது. அதற்குப் பரவலோடு எந்தத் தொடர்பும் இல்லை. விதிகள் எல்லாமே ஒரே அறிவிலிருந்து பிறந்தவை என்று எடுத்துக்கொள்வதால்தான் இரண்டு கட்சியும் வழிதவறுகின்றன.

முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று சொல்பவர்களுக்கு இங்கேயே ஒரு பதில் உண்டு. அது சென்னையில் நடந்த கதை. ஜென்னர் 1798இல் வெளியிட்ட தடுப்பூசி முறை பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கைக்குக் கை மாறி 1802இல் பம்பாய்க்கு வந்தது. மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்தால் இந்தியாவில் அம்மைப்பால் குத்தப்பட்ட முதல் ஆள். அதே ஆண்டிலேயே சென்னைக்கும் வந்துவிட்டது. மக்கள் தயங்கினார்கள். தமிழும் சமஸ்கிருதமும் கற்ற கும்பினி அதிகாரி எல்லிஸ், அம்மைப்பால் பசுவின் கொடை என்று மரபு மொழியிலேயே எழுதி, அதை ஏற்கச் செய்யலாம் என்று முயன்றார். 1819 ஜனவரியில் சென்னையின் ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. தன்வந்திரி பெயரிலான பழைய நூலொன்றில் பசுவின் மடியிலுள்ள கொப்புள நீரைக் குத்தும் முறை அப்படியே இருக்கிறது என்றது அந்தக் கடிதம். ஐரோப்பாவின் மருத்துவ நூல்கள்வரை இந்தச் செய்தி பரவி, ஜென்னருக்கு முன்பே இந்தியாவில் தடுப்பூசி இருந்தது என்பதற்குச் சான்றாக நிலைத்துவிட்டது. 1987இல் டொமினிக் வுயஸ்டிக் என்ற வரலாற்றாசிரியர் அந்தச் சான்றுகளை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்து, அப்படி ஒரு பழம்நூல் ஆதாரமே இல்லை, நல்லெண்ணத்தில் செய்த புரட்டு என்று நிறுவினார். நாம் பெருமையோடு எடுத்துக் காட்டும் ‘பழைய அறிவு’ சில வேளைகளில், தடுப்பூசியை விற்க விரும்பியவர்கள் நமக்காகவே எழுதிக் கொடுத்ததாக இருக்கக்கூடும். வாசல் வேப்பிலைக்கு இப்படிப்பட்ட முட்டு எதுவும் தேவையில்லை. அது என்ன செய்தது என்பதே போதுமான சிறப்பு.

மறுபக்கக் கட்சியின் வலுவான கேள்வி இது: தொற்றுக்கு அஞ்சியவர்கள் என்றால், அந்தத் தெய்வத்துக்கே திருவிழா எடுத்து ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் கூட்டுவார்களா? பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுகாதார அதிகாரிகளுக்குத் திருவிழா என்றாலே வயிற்றில் புளி கரைந்தது என்பது உண்மை. ஆனால் அவர்களை அப்படி நடுங்க வைத்தது காலரா. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் 1871இல் தென்னிந்தியக் காலராவைப் பற்றி எழுதிய நூலில் அது மனிதர்கள் போகும் வழியில் போகிறது என்று வாதிட்டார். நோய் காற்றிலும் மண்ணிலும் தானே பிறக்கிறது என்று நம்பிய இந்திய அரசின் ஆணையர் கன்னிங்காமுடன் இதில் அவருக்கு நேரடி முரண்பாடு. காலரா கண்டவர்களில் பலருக்குப் பெரிய தொந்தரவு இருக்காது. நடந்தே போவார்கள், குளத்தில் குளிப்பார்கள், அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கும். பெரியம்மையில் அப்படி இல்லை. தொற்ற வைக்கும் நிலையில் உள்ளவரால் படவேட்டுக்கு நடந்து வர முடியாது. காய்ச்சல் காணாமல் கிருமியோடு இருக்கும் பன்னிரண்டு நாளில் வருபவர் திருவிழாவில் யாருக்கும் கொடுக்கமாட்டார். வீட்டுக்குத் திரும்பியபின் அங்கேதான் கொடுப்பார். பெரியம்மை வறண்ட மாதங்களில் ஏறி மழைக்காலத்தில் தணிவது இந்தியாவில் பொதுவாகக் கண்ட போக்கு. வட தமிழ்நாட்டில் கூழ் ஊற்றும் ஆடி, அது இறங்கிக்கொண்டிருக்கும் காலம். இதை வைத்துக்கொண்டு ஆடித் திருவிழாவை நாள் கணக்குப் பார்த்து அமைத்தார்கள் என்று சொன்னால் அது கல்வி விரும்பன் வேலையாகிவிடும். திருவிழா கூடியது வழக்கத்தை அவ்வளவாக முறியடிக்கவில்லை என்பது மட்டுமே இதிலிருந்து பெறக்கூடியது. 1939ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியதற்குப் பின்னால் நின்றதும் பெரும்பாலும் தண்ணீரால் வரும் நோய்களின் அச்சம்தான்.

வழக்கம் இவ்வளவு பொருந்தியது என்றால், பெரியம்மை ஏன் நூற்றாண்டுக் கணக்கில் இங்கே கொன்று குவித்தது? எனக்கு இதுவே கடினமான கேள்வி. பதில் வீட்டுக்குள் இருக்கிறது. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர் ஏ. ராமச்சந்திர ராவும் அவருடைய குழுவினரும் அம்மை கண்ட 254 குடும்பங்களைப் பின்தொடர்ந்து 1968இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. அம்மை குத்திக்கொள்ளாமல் அதே வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேருக்கு நோய் வந்தது. குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் சொச்சம். வேப்பிலை தெருவைக் காத்தது. உள்ளே அதே பாயில் படுக்கும் தம்பியைக் காக்க அதனிடம் எதுவும் இல்லை. உள்ளே சுற்றிச் சுற்றி வரும் நோய்க்கு எப்போதாவது ஒரு விரிசல் கிடைத்தால் போதும்: வேப்பிலை ஏறுமுன் காய்ச்சலில் கிடந்தவரை வந்து பார்த்த உறவினர், முத்து சரியாக எழாத லேசான நோயாளி, பொருக்கு முழுதும் உதிருமுன் ஊற்றிய தலைத் தண்ணீர். கண்டவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் சாகடித்த நோய்க்கு அந்த விரிசல்களே வழி. ஜவ்வாது மலையின் சிதறிய குடியிருப்புகளில் இது இன்னொரு விதமாக நடந்திருக்கும். சில பத்து வீடுகள் உள்ள ஊரில் பெரியம்மை நிலைத்திருக்க முடியாது. எரிக்க ஆளில்லாமல் அணைந்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் அது கீழிருந்து, அடிவாரத்து ஊர்களின் வழியாகத்தான் ஏறியாக வேண்டும். இடைவெளி நீளும்போது நோயை அறியாத பிள்ளைகள் சேர்ந்துகொண்டே போவார்கள். அப்படியொரு நேரத்தில் ஏறினால் பெரியவர், சிறியவர் என்று பாராமல் அடித்துப்போடும்.

ஆகவே வேப்பிலைக்கு ஒரு துணை தேவைப்பட்டது, அதுதான் அம்மைப்பால். நூறாண்டுக்கு மேலாக இரண்டும் எதிரிகளாகவே நின்றது வரலாற்றின் வீண் செலவு என்பேன். தொடக்ககால அம்மைப்பால் ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எட்டாம் நாள் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தப்பட்டது. யார் பிள்ளை உடம்பிலிருந்து யார் பிள்ளைக்கு என்ற சாதிக் கேள்வியை ‘அறியாமை’ என்று அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். சாதி அருவருப்பு அதில் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கைக்குக் கை குத்துவதில் மேகநோய் போன்ற வேறு நோய்களும் கடந்தன என்பதை ஐரோப்பிய மருத்துவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். கன்றின் தோலில் வளர்த்த அம்மைப்பால் வந்ததும், சென்னை கிண்டியில் கிங் ஆய்வு நிலையம் அதைத் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த மறுப்புக்கு இருந்த நியாயத்தை எடுத்துவிட்டன. 1960களில் உறைநிலையில் உலர்த்திய அம்மைப்பால் வெயிலையும் தாங்கியது. அதற்குப் பிறகும் ஊரெல்லாம் குத்தி முடித்த இடங்களில் நோய் தலைகாட்டவே செய்தது. கடைசியில் பலித்த முறை எளிது: நோய் கண்ட வீட்டைத் தேடிப் பிடி, அந்த வீட்டையும் சுற்றியுள்ளவர்களையும் உடனே குத்து. கிருமி புகுந்த மூன்று நாலு நாளுக்குள் குத்தினால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும்; பெரியம்மையின் மெதுவான நடைதான் அதற்கு நேரம் கொடுத்தது. வேப்பிலை எந்தத் தர்க்கத்தில் பலித்ததோ அதே தர்க்கத்தில்தான் வளைத்துக் குத்தும் இந்த முறையும் பலித்தது: முகத்தில் தெரியும் நாளுக்கு முன் நோய் தெருவுக்கு வராது. தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்திலேயே பரவல் நின்றது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் கடைசி நோயாளி. 1977 அக்டோபரில் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி ஆள். 1980 மே 8 அன்று உலக சுகாதாரப் பேரவை அறிவிப்பு.

வேப்பிலை மட்டும் ஓயவில்லை. இன்றைக்கு அது சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் செருகப்படுகிறது. அம்மை என்ற ஒரே பெயரின் கீழ் எல்லாமே அம்மாவின் விளையாட்டு. நோய்களின் நடை வேறு. சின்னம்மை கண்ட பிள்ளை முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. தட்டம்மை இன்னும் மோசம்: தடிப்பு தெரியுமுன் நான்கு நாள், தெரிந்தபின் நான்கு நாள். பெரியம்மை நோயாளி ஒருவர் சுமார் நான்கைந்து பேருக்குக் கொடுத்தால், காப்பு இல்லாத கூட்டத்தில் தட்டம்மைக்காரர் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குக் கொடுப்பார். அவர் எழுந்துபோன அறையின் காற்றில்கூட இரண்டு மணி நேரம் கிருமி மிதந்திருக்கும். அந்த வாசலில் வேப்பிலை ஏறும்போது நடக்க வேண்டியதில் பாதி நடந்துவிட்டிருக்கிறது. அதனால் எடுத்துவிடலாமா என்றால், கூடாது. மீதிப் பாதியைத் தடுப்பது சின்ன விஷயமில்லை. பக்கத்தில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் சின்னம்மை வீட்டுக்குள் கால் வைக்காமலிருப்பதே அவர்களுக்குக் காப்பு. கெடுதல் வேறொரு இடத்தில் இருக்கிறது. அம்மா வந்திருக்கும்போது மருந்து ஆகாது என்ற விதி, தட்டம்மையில் நுரையீரலில் சளி கட்டி மூச்சுத் திணறும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் நேரத்தைத் தின்கிறது. பெரியம்மைக் காலத்தில் அந்த விதியால் இழந்தது குறைவு. அப்போது ஆஸ்பத்திரியிலும் அதற்கு மருந்து இல்லை.

வாசலில் அடையாளம் வைப்பது நம் காலத்தில் இன்னொரு முறையும் முயலப்பட்டது. 2020இல் கொரோனா கண்ட வீடுகளின் கதவில் சென்னை மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டியது, சில இடங்களில் தகரம் அடித்தது. மக்கள் அதை வெறுத்தார்கள். அண்டை வீட்டார் முகம் திருப்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் நோயாளி வீட்டில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்றது. கொரோனாவும் அறிகுறி தெரியுமுன்பே பரவும் நோய் என்பதால் ஸ்டிக்கரும் வேப்பிலையைப் போலவே பிந்தித்தான் வந்தது. ஆனால் வேப்பிலைக்கு யாரும் வெட்கப்பட்டதில்லை. அதை வீட்டாரே செருகினார்கள். உள்ளே ஒரு தெய்வம் இருக்கிறது என்றது அது. படுத்திருப்பவர் குற்றவாளி ஆகவில்லை, மறைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. பரவலைத் தடுக்க நினைக்கும் எந்த அரசுக்கும் கிடைக்காத ஒத்துழைப்பு இது. வழக்கத்தின் மிச்சப் பெறுமதி இங்கேதான் இருப்பதாக நான் நினைக்கிறேன்: தனிமைப்படுத்தும் வலு குறைந்துபோனாலும், தானே முன்வந்து சொல்லும் குணம் அதில் இன்னும் இருக்கிறது.

தட்டம்மைக்கு அந்தக் குணம் எவ்வளவு பயன்படும் என்பதை நாள் கணக்கில் சொல்லிவிடலாம். ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பெரிய அளவில் அறிமுகமானது. தட்டம்மை நிலைத்திருக்க சில லட்சம் பேர் கொண்ட நகரம் வேண்டும் என்பதால், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு அது பழைய பெரியம்மையைப் போலக் கீழிருந்துதான் ஏறும். தொற்று பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால், இன்னும் போடாத பிள்ளைக்குக்கூடக் காப்புக் கிடைக்க வாய்ப்புண்டு. தடிப்பு கண்ட குழந்தையின் உடன்பிறப்புகளுக்கு அந்த நேரம் வேப்பிலை ஏறுமுன்பே கடந்திருக்கும். அவர்கள் நான்கு நாளாக அதே மூச்சைச் சுவாசித்தவர்கள். நேற்று மாலைதான் அந்த வீட்டுத் திண்ணையில் விளையாடிவிட்டுப் போன எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வாசலைப் பார்த்தவர்கள் அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியருக்குச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஊசி கிடைக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பேசக் கூடாது என்று இருந்துவிட்டால் கிடைக்காது.